ஈரமான நாட்டில் ஈரமூட்டி எதற்கு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் வழங்கிய நிறைவுரை, எழுத்து வடிவில்)



நமது கருத்தரங்கு ஒளியேறியபோது நேரம் போதவில்லை. நிறைவுரையை நான் பாதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "தண்ணீர் விஷயத்தைச் சொன்னீர்கள், கழுவும் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே" என்று பலர் கேட்டார்கள். அதனால் அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ள விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைய தலைப்பு இதுதான்: தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக சிபேப் கருவி பயன்படுத்துவோர், அதனுடன் ஈரமூட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தெரியாமல் எத்தனையோ வீடுகளில் அந்தக் கருவி அலமாரிக்குள் தூங்குகிறது. கருவி தூங்கினால் அதற்கு உரியவர் தூங்க முடியாது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

பச்சை விளக்கும் பள்ளி வேனும்

என் அப்பா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுபவர். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் தேடிக்கொண்ட தொழில் அது. காலையில் பதினொரு பிள்ளைகள். ஒரு நாள் சமிக்ஞை விளக்கின் முன் வண்டியை நிறுத்தியவர், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். முன் இருக்கையில் இருந்த சிறுமி தோளைத் தட்டி, "தாத்தா, பச்சை லைட் வந்திருச்சு" என்று எழுப்பியிருக்கிறாள்.

வண்டி நின்றிருந்ததால் பிழைத்தோம். ஓடிக்கொண்டிருந்தால்? அன்று மாலையே அம்மா வேன் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். அடுத்த மாதம் முழுவதும் சித்தப்பாதான் வேன் ஓட்டினார்.

அப்பாவுக்குக் குறட்டை புதிதல்ல. குறட்டை திடீரென்று நின்று, சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறிக்கொண்டு மூச்சு வரும். அந்த இடைவெளியில் அம்மா இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாராம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 38 முறை மூச்சு தடைப்படுகிறது அல்லது குறைகிறது என்று அறிக்கை வந்தது. மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மருத்துவர் சிபேப் கருவிக்கு எழுதிக்கொடுத்தார். வாங்கினோம். மூன்று வாரம் போட்டார். பிறகு கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

காரணம் கேட்டேன். "மூக்கு எரியுது. வாய் பாலைவனம் மாதிரி காயுது. எழுந்து தண்ணி குடிச்சிட்டு வந்து படுத்தா மறுபடியும் தூக்கம் வரல" என்றார்.

விற்றவரிடம் முதல் நாளே ஈரமூட்டி பற்றிக் கேட்டிருந்தோம். "அதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நம் நாட்டில் காற்றே ஈரமாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

கருவி என்ன செய்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுப் பாதை அப்படியே ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை நம்மை உலுக்கி எழுப்புகிறது. நாம் எழுந்ததே நமக்குத் தெரியாது. இப்படி இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான முறை நடந்தால் காலையில் களைப்பில்லாமல் எப்படி இருக்கும்? இரத்த அழுத்தமும் இருதயமும்கூட இதனால் பாதிக்கப்படுகின்றன.

சிபேப் கருவி ஒரு சிறிய காற்றாடிதான். மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை மூடிவிடாமல் திறந்தே வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு இதை முதலில் செய்து பார்த்தார். மறு ஆண்டு, 1981இல், 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த முடிவுகள் வெளிவந்தன. அழுத்தத்தின் அளவு பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை. யாருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நோய்க்கு மருந்து அந்த அழுத்தம். ஈரமூட்டி மருந்தல்ல. அது, கருவியின் பக்கத்திலோ உள்ளேயோ பொருத்தப்படும் ஒரு தண்ணீர்த் தொட்டி. அடியில் உள்ள தகடு தண்ணீரைச் சூடாக்கும். காற்று அதன் மேல் தவழ்ந்து, ஈரத்தையும் இளஞ்சூட்டையும் எடுத்துக்கொண்டு மாஸ்க்குக்குப் போகும். அவ்வளவுதான். ஈரமூட்டி இல்லாமலேயே கருவி தன் வேலையைச் சரியாகச் செய்யும். ஆனால் வறட்சி தாங்காமல் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால், எவ்வளவு நல்ல கருவியாக இருந்தும் பயனில்லை. ஆகவே, "ஈரமூட்டி இல்லாமல் இரவு முழுவதும் மாஸ்க் போட்டுக்கொள்ள என்னால் முடிகிறதா?" என்றுதான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈரமான நாடு என்பது உண்மைதானா?

கருத்தரங்கில் 'தேவையில்லை' என்று பேசியவர்களின் முதல் வாதம் இதுதான்: மலேசியாவும் சிங்கப்பூரும் ஈரமான நாடுகள். வாதத்தில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நுரையீரலுக்குப் போய்ச் சேரும் காற்று 37 பாகை வெப்பமும் முழு ஈரமும் கொண்டதாக இருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 44 கிராம் நீராவி இருக்கும். வெளிக்காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவருவது முக்கியமாக மூக்கின் வேலை.

மின்விசிறி ஓட, சன்னல் திறந்திருக்க, 28 பாகை வெப்பத்தில் படுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு சுமார் 22 கிராம் நீராவி இருக்கிறது. பாதி வேலையை இயற்கையே செய்துவிடுகிறது.

இப்போது ஏர்கோனைத் திறந்து 20 பாகையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் குளிர வைப்பதோடு காற்றிலுள்ள நீரையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. வீட்டுக்கு வெளியே அதன் குழாயிலிருந்து சொட்டுகிறதே, அது நம் அறைக் காற்றிலிருந்து வந்த தண்ணீர்தான். அறையில் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றாலும், கன மீட்டருக்கு சுமார் 10 கிராம்தான் மிஞ்சும். மீதி 34 கிராமை மூக்கு கொடுக்க வேண்டும். ஒரு இரவில் நாம் ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். மூக்கின் சுமை எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.

நாடு ஈரமானதுதான், நேயர்களே. ஆனால் நம்மில் பலர் இரவில் அந்த நாட்டில் தூங்குவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வேறொரு நாட்டில் தூங்குகிறோம்.

வாய் வழியே ஓடும் காற்று

'கட்டாயம் தேவை' என்று பேசியவர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். வறட்சி என்றாலே ஈரமூட்டி என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். வறட்சிக்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. அது வாய்.

நாம் மூக்கால் மூச்சை வெளிவிடும்போது, வெளியேறும் காற்றிலிருந்து ஈரத்தில் ஒரு பகுதியை மூக்கு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கொடுத்ததில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும் சிக்கனக்காரர் அது. ஆனால் மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் போட்டுக்கொண்டு, தூக்கத்தில் வாய் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கருவி தள்ளும் காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக ஓடிவிடும். மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கும், திரும்ப வருவது குறைந்துவிடும். உள்சவ்வு காய்ந்து, வீங்கி, மூக்கு அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் அதிகமாகத் திறக்கும்.

இப்படிப்பட்டவர் ஈரமூட்டி வாங்கினால் ஓரளவு ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் ஓட்டையை அடைக்காமல் வாளியை நிரப்பிய கதைதான். முதலில் மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா, தாடைப் பட்டி வேண்டுமா, வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இப்போது வரும் பல கருவிகள், எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது என்பதைப் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வாமையால் எப்போதும் மூக்கடைப்பு உள்ளவர்கள் அதற்கான சிகிச்சையை முதலில் பெற வேண்டும். ஒவ்வாமை, சளிக்கான சில மாத்திரைகளும், நீர் பிரியச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரைகளும் வாயை வறளச் செய்யலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வந்தால் கருவியைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அவரைப் போய்ப் பாருங்கள்.

ஆய்வுகள் சொல்வது

ஈரமூட்டி இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வாய், மூக்கு, தொண்டை வறட்சியை ஈரமூட்டி குறைக்கிறது என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கருவி அணியும் நேரம் பெரிதாகக் கூடுவதாகத் தெரியவில்லை. முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன.

இதன் பொருள் என்ன? வறட்சி இல்லாதவருக்கு ஈரமூட்டி பெரிதாக எதையும் கூட்டித் தராது. வறட்சியால் கழற்றி வைப்பவருக்கு அது பெரிய மாற்றத்தைத் தரலாம். சராசரியில் அவர் மறைந்துபோகிறார். ஆனால் நம் வீட்டில் படுத்திருப்பவர் சராசரி மனிதர் அல்லவே, அவர் நம் அப்பா.

தண்ணீர் எது? கழுவுவது எப்படி?

ஈரமூட்டி வாங்குவது ஒரு நாள் செலவு. பராமரிப்பது தினசரி வேலை. இதைச் செய்ய முடியாதவர்கள் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தொட்டிக்கு ஏற்றது காய்ச்சி வடித்த நீர். பைப் தண்ணீரிலும் மினரல் வாட்டரிலும் தாது உப்புகள் உண்டு. நீர் ஆவியாகப் போகும், உப்பு தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் கிருமி சாகும், உப்பு போகாது. அவசரத்துக்கு ஒரிரு நாள் அதைப் பயன்படுத்தலாம், வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று: வாகனப் பட்டறையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரும் வடித்த நீர்தானே என்று ஒரு நேயர் கேட்டார். வேண்டாம். அது மனிதர் சுவாசிப்பதற்காகத் தயாரித்ததல்ல. மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொட்டியில் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் எதையும் விடாதீர்கள். "ஆவி பிடிப்பது போலத்தானே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பது இயல்பு. ஆவி பிடிப்பது ஐந்து நிமிடம், இது எட்டு மணி நேரம். எண்ணெய் கலந்த காற்று நுரையீரலுக்கு நல்லதல்ல, கருவியும் கெட்டுவிடும். மூக்கு காய்கிறது என்று படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விடுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்த் தெளிப்பு போதும்.

தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் திறந்து காய வையுங்கள். இரவில் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நேற்றைய தண்ணீரின் மேல் இன்றைய தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் வெப்பத்தில் தேங்கிய நீர் கிருமிக்கு விருந்து. வாரம் ஒரு முறையாவது தொட்டியையும் குழாயையும் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பில் சில துளி விட்டுக் கழுவி, நன்றாக அலசி, நிழலில் காய வையுங்கள். நேர் வெயிலில் போட்டால் மாஸ்க்கும் குழாயும் சீக்கிரம் கெட்டுப்போகும். கருவியை நகர்த்துவதற்கு முன் தொட்டியைக் காலி செய்யுங்கள். சாய்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும்.

ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகளை வாங்குவதற்கு முன் கருவியின் கையேட்டைப் பாருங்கள். 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபேப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. அவற்றின் உள்ளே இருந்த நுரைப்பொருள் சிதைவடையலாம் என்பது காரணம். ஓசோன் போன்ற அங்கீகரிக்கப்படாத துப்புரவு முறைகள் அந்தச் சிதைவை அதிகப்படுத்தலாம் என்றும் அப்போது அது எச்சரித்தது. சோப்புத் தண்ணீரே பாதுகாப்பானது.

புகைமூட்டக் காலத்துக்கும் ஒரு சொல். ஈரமூட்டி காற்றைச் சுத்தம் செய்யாது. அது வடிகட்டியின் வேலை. 2005, 2015, 2019 ஆண்டுகளில் நாம் பார்த்தது போலப் புகைமூட்டம் வந்தால் வடிகட்டியை அடிக்கடி பார்த்து, கருத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

முகத்தில் பெய்த மழை

அப்பாவுக்குக் கடைசியில் ஈரமூட்டி வாங்கினோம். முதல் வாரமே ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா இது, மூஞ்சில மழை பெய்யுது!" என்றார். அம்மா சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் நள்ளிரவில் கேட்ட சிரிப்பு அது.

மழைக்குக் காரணம், அவர் ஏர்கோனை 18இல் வைத்திருந்தது. சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது நீராக மாறி மாஸ்க்குக்குள் சொட்டுகிறது. குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான். ஏர்கோனை 25க்கு ஏற்றினோம். குழாயைப் போர்வைக்குள் விட்டோம். கருவியைத் தலையணை மட்டத்திலிருந்து கீழே, சிறு முக்காலியில் வைத்தோம். ஈரத்தின் அளவை ஒரு படி குறைத்தோம். மழை நின்றது. சூடேறும் குழாய் உள்ள கருவிகளும் இருக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

பிறகு மருத்துவர் பதிவைப் பார்த்து, வாய் வழியாகக் காற்று கசிவதைக் கண்டுபிடித்து மாஸ்க்கை மாற்றினார். அதோடு அப்பாவின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இப்போது ஏர்கோன் போடும் இரவில் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறார். கிராமத்தில் அத்தை வீட்டில் மின்விசிறிக் காற்றில் படுக்கும்போது, கையேட்டில் சொன்னபடி ஈரமூட்டியை நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் போட்டுக்கொள்கிறார். இரண்டு இடத்திலும் தூங்குகிறார்.

நீங்கள் எப்படி முடிவு செய்வது?

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு மாஸ்க் போட்டேன், எத்தனை மணிக்குக் கழற்றினேன், காலையில் வாய் காய்ந்ததா, மூக்கு எரிந்ததா அல்லது அடைத்ததா, ஏர்கோனா மின்விசிறியா. இவ்வளவு போதும்.

எந்தத் தொல்லையும் இல்லை, இரவு முழுவதும் போட முடிகிறது என்றால் ஈரமூட்டி இல்லாமலே தொடரலாம். அதில் குறை ஒன்றுமில்லை.

வாய் மட்டும் காய்கிறது என்றால் முதலில் மாஸ்க்கையும் கசிவையும் பாருங்கள்.

ஏர்கோன் இரவில் மட்டும் தொல்லை என்றால் அறையின் வெப்பநிலையை ஏற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால் ஈரமூட்டி.

மூக்கு எரிச்சல், அடைப்பு, ஒவ்வாமை, முதுமை, அதிக அழுத்தம் ஆகியவை இருந்து, அதனால் மாஸ்க் பாதி இரவில் கழன்றுவிடுகிறது என்றால் தயங்காமல் ஈரமூட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடு அளவில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நான்கு இரவு இடம் கொடுங்கள். காற்றழுத்தத்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

புதிதாக வாங்குவோர், ஈரமூட்டி உடன் வருகிறதா, பிறகு தனியாகச் சேர்க்க முடியுமா என்று விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "நம் நாட்டுக்குத் தேவையில்லை" என்று சொன்னால், "என் அறைக்குத் தேவையா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் மருத்துவம் படித்தவர் இல்லை. படித்தது தொடர்புத் துறை டிப்ளோமா. தெரிந்தவர்களிடம் கேட்டு, தெரிந்துகொண்டதை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். ஆனால் இந்த ஒரு விஷயத்தை நான் அரங்கில் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்பா மீண்டும் வேன் ஓட்டுகிறார். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் அம்மா சாவியைக் கொடுத்தார். அந்தச் சிறுமி இப்போதும் முன் இருக்கையில்தான் உட்காருகிறாளாம். பச்சை விளக்கு வந்ததும் தாத்தாவைத் திரும்பிப் பார்க்கிறாளாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கருவி இருந்தால், இன்று மாலையே எடுத்துத் துடைத்து வையுங்கள். ஏன் கழற்றினீர்கள் என்பதை நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியாக எழுதிக்கொண்டு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.